கறுத்தம்மாவின் திருமணம் ஏன் முறிந்தது?

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956-இல் மலையாளத்தில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தமிழர்கள் நிறைந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. மூணாறைச் சுற்றி மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி, சிட்டிவாரை என்று தேயிலைக் காட்டுக்குள் லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த எங்கள் முன்னோருக்கு வீட்டில் தமிழ், அரசாங்கக் காகிதத்தில் மலையாளம் என்று ஆயிற்று. அதனால் ‘செம்மீன்’ எங்கள் பக்கத்துக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. மலையாளம் படித்தவர்கள் தகழியை நேராகவே வாசித்தார்கள். மற்றவர்களுக்குச் சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பு 1962-இல் கிடைத்தது. நாகர்கோவில்காரரான அவர் சின்ன வயதைக் கோட்டயத்தில் கழித்தவர். 1965-இல் ராமு காரியாட்டின் படம் வந்த பிறகு புத்தகம் வாசிக்காதவர்களுக்கும் கறுத்தம்மாவைப் பற்றிச் சொல்ல ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது.

‘செம்மீன்’ என்றதும் காதல் நாவல் என்றுதான் பலரும் சொல்வார்கள். நிலவு, பரீக்குட்டியின் பாட்டு, கடைசியில் கட்டித் தழுவியபடி கரை ஒதுங்கும் இரண்டு உடல்கள். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் சலீல் சௌத்ரியின் இசையும் அதை அப்படியே மனத்தில் பதியவைத்தன. புத்தகத்தைக் கையில் எடுத்தவருக்கு வேறொன்று தெரியவரும். அதன் பின்பாதி ஒரு குடும்பக் கதை. திருக்குன்னப்புழைக் கரையில் ஒரு குடிசையில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இருவர், ஒருவருக்கொருவர் நல்லபடியாக இருக்க மனப்பூர்வமாக முயன்று, முயன்றும் முடியாமல் போகிற கதை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் இந்தத் திருமணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி வருகிறார்கள். யார் மேல் தப்பு என்பதுதான் எல்லாத் தீர்ப்புகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. அந்தத் தீர்ப்புகளை ஒன்று சேர்த்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரிக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, வாசகர்கள் கறுத்தம்மாவையே திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. செம்பன்குஞ்சு கூலிக்கு வள்ளம் ஏறுகிறவன். சொந்தமாக வள்ளமும் வலையும் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் வெறி. மனைவி சக்கி, மகள்கள் கறுத்தம்மா, பஞ்சமி. கறுத்தம்மாவுக்கும் கரையில் மீன் வியாபாரம் செய்யும் முஸ்லிம் இளைஞன் பரீக்குட்டிக்கும் நேசம். வள்ளம் வாங்க உதவுகிறவனும் அந்தப் பரீக்குட்டிதான். பணமும் கொடுக்கிறான், இரவோடு இரவாகக் கருவாட்டையும் அள்ளிக் கொடுக்கிறான். அந்தக் கடன் திரும்பவில்லை. வியாபாரம் நொடித்து அவன் தெருவுக்கு வருகிறான். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து கறுத்தம்மாவை அநாதையான பழனிக்குக் கட்டிவைக்கிறார்கள். சக்கி நோயில் படுத்திருக்கும்போதே பழனி பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படுகிறான், செம்பன்குஞ்சு மகளே இல்லை என்கிறான். புகுந்த கரையில் அவளைப் பற்றிய பேச்சு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. ஓர் இரவு பழனி தனியாகக் கடலுக்குப் போய்ச் சுறாவைத் தூண்டிலில் பிடித்து, சுழலில் சிக்கிச் சாகிறான். அதே இரவு பரீக்குட்டி வந்து கூப்பிட, கறுத்தம்மா அவனோடு போய்விடுகிறாள்.

இதையெல்லாம் கட்டி நிறுத்துவது சக்கி மகளுக்குச் சொல்லிவைக்கும் நம்பிக்கை. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கிறவளின் கற்பில் இருக்கிறது, அவள் தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்பது அது.

பெரும்பாலான வாசகர்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். அவர்களுக்கு நாவல் ஒரு கற்புக் கதை. மனைவி மனத்தால் தவறினாள், கடைசியில் உடம்பாலும் தவறினாள், கடலம்மா கணக்குத் தீர்த்தாள். கண்ணகி கதை கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இப்படி வாசிப்பது இன்னும் சுலபம். பத்தினியின் சொல் ஊரை எரிக்கும் என்றால் பத்தினி தவறினால் கடல் கொந்தளிக்கத்தானே வேண்டும்? இவர்களில் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் கறுத்தம்மாவை மன்னித்துவிடுவார்கள். பாவம், பழைய நேசத்தை மறக்க முடியவில்லை என்பார்கள். கண்டிக்கிறவரும் மன்னிக்கிறவரும் நிற்பது ஒரே இடத்தில். அவள்தான் குற்றவாளி என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

நாவலையே எதிர்த்தவர் ஒருவர் அந்தக் கடற்கரையிலேயே பிறந்தவர். கருநாகப்பள்ளிப் பக்கம் செறியழீக்கலைச் சேர்ந்த டாக்டர் வி. வி. வேலுக்குட்டி அரயன் (1894-1969) மருத்துவர், சமூகச் சீர்திருத்தக்காரர், ‘அரயன்’ என்ற பத்திரிகையை 1917-இல் தொடங்கி நடத்தியவர். ‘செம்மீன்’ வெளிவந்த கையோடு அதை விமரிசித்து ஒரு நூலே எழுதினார். தன் சமூகத்தின் வாழ்க்கையும் வழக்கங்களும் நாவலில் தவறாகக் காட்டப்பட்டிருக்கின்றன என்பது அவருடைய வழக்கு. அவருடைய கோபத்தின் நியாயத்தை நாம் நின்று யோசிக்க வேண்டும். தன் மக்களை மூடநம்பிக்கையிலிருந்து வெளியே கொண்டுவர வாழ்நாள் முழுக்க உழைத்த ஒருவர். அந்த மக்களைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதிய நாவல், அவர்கள் வாழ்வின் மையமே ஒரு மூடநம்பிக்கைதான் என்று சொல்லி 1957-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்குகிறது, யுனெஸ்கோ வரிசையில் ஆங்கிலத்துக்குப் போகிறது, உலகமெல்லாம் மலையாளக் கடற்கரை என்றால் இதுதான் என்று நம்பத் தொடங்குகிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நாவலின் முடிவில், தூண்டில் விழுங்கிய சுறா செத்து ஒதுங்குவதும் அவர் பிறந்த செறியழீக்கல் கரையில்தான்.

தகழி அந்தக் கடற்கரைக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். புறக்காட்டுக் கரை அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் வள்ளத்தில் ஏறிப் பிழைப்பதும் ஒன்றாகிவிடாது. தமிழில் உவரிக்காரரான ஜோ டி குருஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதியபோது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அதில் கடல் ஓர் ஐதீகமாக வந்து நிற்பது குறைவு. காற்று, நீரோட்டம், பாய்மரம், பாடு, பசி என்று வேலையாகத்தான் வருகிறது. அதை வாசித்த பிறகு ‘செம்மீ’னுக்குத் திரும்புகிறவர் வேலுக்குட்டி அரயனின் பக்கம் கொஞ்சம் சாய்வது இயற்கை. எனக்கும் அந்தச் சாய்வு உண்டு. ஆனால் அவர் நாவலை ஒரு சமூகத்தின் சித்திரமாக எடுத்துக்கொண்டு அது சரியா தப்பா என்று பார்த்தார். ஒரு கரை தன் நம்பிக்கையை ஒரு பெண் மேல் எப்படிச் சுமத்துகிறது என்ற விசாரணையாக அதை வாசிக்கவும் இடம் இருக்கிறது. அந்த வாசிப்புக்குப் பின்னால் வருகிறேன்.

இடதுசாரி வாசகர்களின் குறை வேறு. ‘தோட்டியின் மகன்’ (1947), ‘இரண்டு இடங்கழி’ (1948) எழுதிய தகழி, உழைப்பவர்களின் போராட்டத்தை விட்டுவிட்டுக் காதலுக்கும் கற்புக்கும் போய்விட்டாரே என்றார்கள். 1957-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வரப்போகிற கேரளத்தில் அந்த ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனாலும் அது அவசர முடிவு. ‘செம்மீ’னில் யார் வள்ளம் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று கரைக்குச் சட்டம் இருக்கிறது. அரயன், வலைக்காரன், முக்குவன், மரக்கான் என்று படிநிலை இருக்கிறது. வள்ளம் வாங்கும் செம்பன்குஞ்சு துறைக்குத் தலைவனான அரயனைப் போய்க் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. கூலிக்காரன் முதலாளியாகும்போது என்ன ஆகிறான் என்று தகழி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இதில் வர்க்கம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடனைப் பிடித்துக்கொண்டு நாவலை வாசித்தவர்கள் இதைவிட ஆழமாகப் போனார்கள். குறிப்பாகப் பெண்கள். இந்தப் பேச்சு புத்தக விமரிசனங்களில் இருந்ததைவிட வீட்டுத் திண்ணைகளில்தான் அதிகம் இருந்தது என்பது என் அனுபவம். எங்கள் மாட்டுப்பட்டிப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண்கள் இந்தக் கதையைக் கேட்டால் பரீக்குட்டியின் பாட்டில் மயங்குவதில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. மளிகைக் கடைப் பற்று, வட்டிக்காரன் துண்டு, சம்பளத்தில் பிடித்தம் என்று மாதம் தவறாமல் கணக்கு வழக்கில் நிற்கிறவர்களுக்கு, தீராத கடன் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கறுத்தம்மா வீட்டில் கெஞ்சுகிறாள், பரீக்குட்டியின் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று. அவள் சொல்வது நாவலில் ஒரு முறை அல்ல, பல முறை வருகிறது. அந்தக் கடன் அடைந்திருந்தால் அவள் பழைய நேசத்தைப் பழையதாகவே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நம்மால் ஒருவன் நொடித்துப் போனான் என்ற குற்ற உணர்வைச் சுமந்துகொண்டு அவள் பழனி வீட்டுக்குப் போகிறாள். அது காதலைவிட உறுதியாக அவளைப் பரீக்குட்டியோடு கட்டிப்போடுகிறது. கணவனிடம் இதைச் சொல்லவும் முடியாது. என் அப்பன் ஒருவனை ஏமாற்றினான், அவன் நினைப்பு என்னை விடவில்லை என்று எந்த மனைவி எந்தக் கணவனிடம் சொல்லிப் புரியவைப்பாள்?

சக்கியை எடுத்துக்கொண்டாலும் பெண் வாசகர்களின் பார்வை தனி. கடலம்மா சட்டத்தை மகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான், இரவில் பரீக்குட்டியின் கூடாரத்திலிருந்து கருவாட்டைச் சுமப்பவளும் அவள்தான். மகளின் நேசத்தை வைத்துப் புருஷன் வள்ளம் வாங்குகிறான் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். மகளைக் காப்பாற்றுவதும் வீட்டை உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று முட்டியபோது அவள் இரண்டையும் ஒரே தலையில் தூக்கப் பார்த்தாள். நல்ல தாயா கெட்ட தாயா என்று கேட்டுவிட்டு ஒரு சொல்லில் பதில் எழுதுகிறவர்கள் இந்தப் பாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழனிக்கு வருவோம். அவனுக்காகப் பேசும் வாசகர்கள் எப்போதும் குறைவு. படத்தில் சத்யன் நடித்தும்கூட, மது நடித்த பரீக்குட்டிக்குத்தான் கண்ணீர் போயிற்று. ஆனால் நாவலை இரண்டாம் முறை வாசிக்கும் பலர் பழனியின் பக்கம் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். தாய் தகப்பன் தெரியாது. சொத்து கிடையாது. கடலைத் தவிர எதுவும் தெரியாது. வள்ளத்தைச் செலுத்தும் அமரத்தில் நின்றால் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஒருவனைக் கரை என்ன செய்கிறது? கல்யாணப் பந்தலிலேயே பெண்பணத்தை வைத்துத் தகராறு மூள்கிறது. அந்தச் சண்டையில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விழுகிறது. அந்த வார்த்தை பழனியோடு அவன் ஊருக்கு வருகிறது. கொஞ்ச நாளில் கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்றத் தயங்குகிறார்கள். பெண்சாதி சரியில்லாதவனோடு கடலுக்குப் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்ற பயம். ஒரு நாள் விடிகாலை அவனைக் கூப்பிடாமலே வள்ளம் போய்விடுகிறது.

அந்தக் காட்சியை நான் நாவலின் நடு முள் என்பேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கறுத்தம்மா கூடை தூக்கி மீன் விற்கப் போகிறாள். மற்றப் பெண்கள் அவளை ஏசுகிறார்கள். பழனி சின்ன வள்ளத்தில் தனியாகத் தூண்டில் போடப் போகிறான். இரண்டு பேரும் யாரையும் எதிர்பார்க்காமல் பிழைத்துக் காட்டுவோம் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். நாவலில் அவர்கள் உண்மையான கணவன் மனைவியாக இருப்பது அந்தப் பக்கங்களில்தான். ஊரே எதிர்த்து நின்றபோது சேர்ந்து நின்றார்கள். இந்தத் திருமணம் ஆரம்பத்திலேயே செத்துப் பிறந்தது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டவர்கள்.

படம் தொலைக்காட்சியில் ஓடிய ஓர் இரவில் எங்கள் லயத்து மூத்தவர் ஒருவர் கேட்டது எனக்கு எந்த விமரிசனத்தைவிடவும் பெரிதாகப் பட்டது. “ஏன் தம்பி, அவனை வள்ளத்துல ஏத்தாம விட்டானுகளே, அவனுகளை யாருமே கேக்கலையா?” என்றார். “அவனுக ஏத்தியிருந்தா அவன் எதுக்கு ராத்திரியில ஒத்தையா போறான்?”

இவ்வளவுதான். கடலம்மா சட்டம் உண்மை என்று நாவல் நிரூபிக்கிறதா, இல்லையா என்று பல்கலைக்கழக வகுப்புகளில் நடக்கும் வாதம் இந்தக் கேள்வியின் முன் வேறு உருவம் எடுக்கிறது. பழனி செத்ததற்குக் காரணம் கேட்டால் நாவலில் பதில் இருக்கிறது. சின்ன வள்ளம், தனி ஆள், இரவு, வெளிக்கடல், பெரிய சுறா. பலர் துடுப்புப் போடும் வள்ளத்தில் அமரக்காரனாகப் போய்வந்தவனை அந்த நிலைக்குத் தள்ளியது எது? அவன் மனைவி கெட்டவள் என்ற நம்பிக்கை. நம்பிக்கை பலித்தது என்றால், நம்பியவர்கள் அதைப் பலிக்கவைத்தார்கள் என்றுதான் அர்த்தம். கரை கட்டிவைத்த கல்யாணம் இது. வயது வந்த பெண் வீட்டில் இருக்கிறாள் என்று முணுமுணுத்துக் கட்டிவைத்தது கரை. அதை உடைத்ததும் கரைதான்.

தேயிலைக் காட்டில் வாழ்கிறவர்களுக்கு இது சட்டென்று புரிவதற்குக் காரணம் உண்டு. இங்கே வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், பெயர் இருக்கிறவருக்குத்தான் லயத்தில் வீடு. பெயர் போனால் வீடும் போகும். பக்கத்து வீட்டுச் சுவர் நம் வீட்டுச் சுவர். புருஷன் பெண்சாதி சண்டை அந்தச் சுவருக்குள் நிற்காது. விடிந்தால் ஆளெடுக்கும் மஸ்டரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு திருமணம் நிலைப்பதும் குலைவதும் இரண்டு மனங்களின் காரியம் மட்டும் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் 20 சதவீத போனஸ் கேட்டுப் பெண்கள் தாங்களே ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். பல வீடுகளில் சம்பாதிக்கிறவள் யார், தீர்மானிக்கிறவன் யார் என்ற பேச்சு அப்போது வெளிப்படையாகவே எழுந்தது. கூடை தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போன கறுத்தம்மாவைப் பற்றி இங்கே உள்ள பெண்களுக்குத் தனி மரியாதை இருப்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் நாவல்கள் மூன்றைச் ‘செம்மீ’னின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). மணப்பாட்டுக் கரை, கிறிஸ்தவப் பரதவர் வாழ்வு. பிலோமிக்கும் சாமிதாஸுக்கும் நேசம், கைகூடவில்லை. அதற்காக யாரும் கடலில் விழுந்து சாகவில்லை. பிலோமியின் தாய் மரியம்மைக்கு வாத்தியாரோடு இருந்த நட்பை ஊர் அறியும். தாய் போன பிறகு பிலோமியும் அதே வாத்தியாரிடம் ஆறுதல் தேடுகிறாள். ‘செம்மீ’னையும் ‘கடல்புரத்தில்’ நாவலையும் சேர்த்து வாசித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதன் பக்கம் சாய்வதைக் கவனித்திருக்கிறேன். அங்கே கடல் யாரையும் தண்டிப்பதில்லை, மனிதர்கள் இழப்போடு வாழப் பழகுகிறார்கள். தகழி கைவைக்காத ஒரு வழியை வண்ணநிலவன் அடுத்த தலைமுறையில் கண்டுபிடித்தார்.

இரண்டாவது, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966). அலங்காரத்தம்மாள், அவள் கணவன் தண்டபாணி, அவளோடு உறவு கொண்டு வந்துபோகும் சிவசு. எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருக்கும் கணவன். பாவத்துக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பிய தாய். வந்த நாளிலிருந்து வாசகர்கள் சண்டை போட்டது அலங்காரத்தம்மாளைப் பற்றித்தான். தாயை இப்படி எழுதலாமா என்ற கேள்வி, இப்படி ஒரு பெண் இருப்பாளா என்ற கேள்வி, அந்தக் கம்பீரத்தைக் கொண்டாடும் குரல்கள். தண்டபாணியை யாரும் அந்த அளவுக்கு விசாரித்ததில்லை. அந்த மௌனமும் அந்தத் திருமணத்தை நடத்திக்கொண்டு போன ஒரு செயல்தானே? கறுத்தம்மா வழக்கில் வள்ளக்காரர்கள் தப்பித்ததுபோல இங்கே கணவன் தப்பித்துவிட்டான்.

மூன்றாவது ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’. நாடக நடிகை கல்யாணி, பத்திரிகைக்காரன் ரங்கா. சண்டை இல்லை, துரோகம் இல்லை, ஒருவர் எதிர்பார்த்தது மற்றவரிடம் இல்லை. அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் இதை வாசித்தவர்களுக்கு இது விநோதமாகப் பட்டது. யாரும் தப்புச் செய்யாமல் குடும்பம் எப்படிக் கலையும்? வாசகர் மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான் கேட்டது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி பெரும்பாலும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொன்னால்தான் அப்போது பிரிய முடிந்தது. இருவரும் ஒத்துக்கொண்டு பிரியும் 13-பி பிரிவு 1976-இல்தான் சேர்க்கப்பட்டது. ஜெயகாந்தன் சட்டத்துக்கு முன்னே நடந்தார். கடைசியில் கல்யாணிக்குக் கால்கள் செயலிழக்க, ரங்கா திரும்பி வருவதைப் பலர் பாராட்டினார்கள், சிலர் குறை சொன்னார்கள். நான் குறை சொல்கிறவர்களோடு. இவ்வளவு தைரியமாக ஆரம்பித்த கதைக்கு ஒரு நோய் வந்து முடிவு எழுதியிருக்க வேண்டாம்.

இன்றைய இளம் வாசகர்கள் ‘செம்மீ’னைப் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிரிந்திருக்கலாமே என்கிறார்கள். சட்டம் கைக்கு எட்டும் தலைமுறைக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் பிரிந்து எங்கே போவாள்? தகப்பன் கதவைச் சாத்தியாயிற்று, தாய் செத்தாயிற்று, அந்தச் சாவுச் செய்தியையும் பரீக்குட்டிதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருகையே அவள் மேல் இன்னொரு பழியாக விழுந்தது. நீதிமன்றம் கொடுக்கும் காகிதம் கரையின் வாயை மூடியிருக்காது.

மண வாழ்வின் முறிவை எழுதியவர்களை உலகமெங்கும் வாசகர்கள் இப்படித்தான் நெருக்கியிருக்கிறார்கள். ஃப்ளாபேரின் ‘மதாம் பொவாரி’ மேல் 1857-இல் பாரிஸில் வழக்கே நடந்தது, ஃப்ளாபேர் விடுதலையும் ஆனார். இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879-இல் வந்தபோது, வீட்டை விட்டு வெளியேறும் நோராவை ஜெர்மன் மேடை ஏற்கவில்லை. குழந்தைகளைப் பார்த்ததும் அவள் நின்றுவிடுகிற மாதிரி வேறொரு முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தகழி இளமையில் திருவனந்தபுரத்தில் கேசரி பாலகிருஷ்ண பிள்ளையைச் சுற்றியிருந்த வட்டத்தில் ஐரோப்பிய இலக்கியம் பயின்றவர். இந்தக் கதைகளின் விதி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தகழியோடு எனக்கு இருக்கும் சண்டையும் நாவலின் முடிவில்தான். பஞ்சமியும் கறுத்தம்மாவும் பரீக்குட்டியைப் பற்றிப் பேசியதைப் பழனி கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறான். பரீக்குட்டி வந்து நிற்கிறான். அவள் எழுந்து போகிறாள். தூங்கும் குழந்தையை விட்டுவிட்டுப் போனாளே என்று கண்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாவல் முழுக்க அவள் தானாக முடிவெடுத்த ஒரே காரியம் அதுதான் என்று அவளுக்காக வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சியில் நான் நிற்கிறேன். கல்யாணம், கடன், ஊர் மாற்றம், தாயைப் பார்க்கப் போகாதது, எதுவும் அவள் தீர்மானம் இல்லை. ஆனால் அவள் எழுந்து போகும் அதே நேரத்தில் தகழி கடலில் சுழலை எழுப்புகிறார். இவ்வளவு பக்கங்களில் கரையின் குற்றத்துக்கு ஒவ்வொரு சாட்சியாகச் சேர்த்துவைத்தவர், கடைசி அத்தியாயத்தில் கடலம்மாவை நம்புகிறவர்களின் கையில் தீர்ப்பைக் கொடுத்துவிட்டார். பழனி முந்தின நாள் செத்திருந்தாலோ, அடுத்த வாரம் செத்திருந்தாலோ நாவல் வேறாக இருந்திருக்கும். வள்ளக்காரர்கள் முகத்தில் அந்தச் சாவு அறைந்திருக்கும். இப்போதோ அவர்கள் நிம்மதியாகக் கரையில் நின்று, அன்றைக்கே சொன்னோமே என்று சொல்லலாம். எழுபது ஆண்டுகளாக வாசகர்களில் பாதிப்பேர் அவர்களோடு சேர்ந்துதான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.